எதிர்வீட்டில் குடியிருந்தவர்

அவள் கணவர் கப்பலேறப் போனது ஒரு புதன்கிழமை. காலையில் இருவருமாக வீடு பார்த்தார்கள், மத்தியானம் அவர் கிளம்பிவிட்டார். வீடு பார்த்துவிட்டுப் போனாரா, போகிற போக்கில் வீடு பார்த்தாரா என்று பிற்பாடு அவளுக்கே குழம்பிவிட்டது. தோளில் பை தொங்க, ஒரு காலை ஏற்கனவே கப்பலில் வைத்துவிட்டவர் மாதிரிதான் அன்றைக்கு அந்த மூன்றாவது மாடியில் நின்றார்.

அவ்வளவு அவசரத்துக்குக் காரணம் சாவிக்காரர். அந்தக் குடியிருப்பில் வீட்டுச் சொந்தக்காரர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாக வீடு காட்டுவது, வாடகைக்கு ஆள் பிடிப்பது, குழாய் ஒழுகினால் திட்டு வாங்குவது எல்லாம் அவர்தான். இடுப்பில் சாவிக்கொத்து. ஆள் வருமுன்னே சத்தம் வந்துவிடும்.

"இது குடும்பம் இருக்கிற இடம்மா" என்று போனிலேயே அவர் சொல்லியிருந்தார். "பக்கத்துலயே பார்க், நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம். சாயங்காலம் ஆனா குழந்தைங்க சத்தம், பொழுது சாஞ்சா அதுவும் கிடையாது. அதனால குடும்பத்துக்கு மட்டும்தான் விடுறது."

"நாங்க குடும்பம்தாங்க."

"அப்ப ரெண்டு பேரும் வந்து வாசல்ல நில்லுங்க. நான் கண்ணால பாக்கணும். போன வருஷம் ஒருத்தர் 'பொண்டாட்டி பின்னால வரா'ன்னு சொல்லி உள்ள வந்தாரு. பின்னால வந்தது நாலு சிநேகிதங்களும் ஒரு டிரம்மும்."

அதனால்தான் கணவர் பையும் தோளுமாக வந்து நின்றார். சரக்குக் கப்பலில் சமையல்காரர் அவர். கல்யாணமான நாளிலிருந்தே அவர்களுடைய இருப்பிடம் துறைமுகத்துப் பக்கம், என்ஜின் ஆயில் கடைக்கு மேலே ஒற்றை அறை. அவர் வந்தால் அது வீடு, போய்விட்டால் அது லாட்ஜ். இப்போது அவளுக்கு இந்தப் புறநகரில் ஓர் ஆல்டரேஷன் கடையில் வேலை கிடைத்திருந்தது. அதோடு அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "இந்த ஒரு தடவைதான், ஊசி. இது முடிஞ்சா கரைதான். வந்து உக்கார ஒரு வீடு மட்டும் பாத்து வச்சுக்குவோம்."

ஊசி என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். கையில் எப்போதும் ஊசி இருப்பதால் மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

போன இடத்தில் அவர்களுக்கான வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. வாசலிலேயே பெயின்டர் கையை விரித்துத் தடுத்தார். தரை வரைக்கும் ஈரமாம். சாவிக்காரர் சளைக்கவில்லை. திரும்பி எதிர்க்கதவைத் தட்டினார். அங்கே குடியிருந்தது ஒரு டீச்சர், அவருடைய கணவர், ஒரு சின்னப் பெண். "அஞ்சு நிமிஷம் டீச்சர், இவங்க ஒரு பார்வை பாத்துக்கட்டும். ரெண்டும் ஒரே வீடுதானே" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே தள்ளினார்.

கப்பல்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினார். பையை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

எந்தக் கப்பலில் ஏறினாலும் அவர் முதலில் செய்வது இதுதான். படுக்கையிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து மேல்தளத்துக்கு, சுவரைத் தடவிக்கொண்டே கண்ணை மூடி நடந்து பார்த்துவிடுவார். "கரண்டு போயி, புகை அடைச்சு, கப்பலும் சாய்ஞ்சா கண்ணு கைவிட்டுடும். காலுதான் கூட வரும்" என்பார். ஒருமுறை நடந்த இடத்தை அந்தக் கால்கள் மறந்ததில்லை. இப்போது அதே மாதிரி டீச்சர் வீட்டில் நடக்க ஆரம்பித்தார். இடது கைப்பக்கம் சமையலறை. அதைத் தாண்டி உள்ளறை. நேரே போனால் பால்கனி.

"அம்மா, இந்த மாமா யாரைத் தேடறாரு?" என்றாள் டீச்சரின் பெண்.

சரியாக அந்த நேரத்தில்தான் சாவிக்காரர் வாசலருகே அவளிடம் சொன்னார். "உங்க வீடும் அச்சு இதேதான். ஆனா கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி இருக்கும். இங்க இடதுன்னா அங்க வலது, அவ்வளவுதான்." அவள் தலையாட்டினாள். கணவர் அப்போது பால்கனியில் இருந்தார், இது அவர் காதில் விழவில்லை. கண்ணைத் திறந்து வானத்தை ஒரு பார்வை பார்த்து, "இது மேற்கு. சாயங்கால வெயில் வரும்" என்று கப்பல்காரருக்கே உரிய நிச்சயத்தோடு சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தோடுதான் பஸ் ஏறினார்.

அவள் பாத்திரம் பண்டங்களோடு குடிவந்தபோது வீடு சாவிக்காரர் சொன்னபடியே இருந்தது. சமையலறை வலது கைப்பக்கம். பால்கனி கிழக்கே பார்த்தது. காலையில் வெளிச்சம் கொட்டோ கொட்டென்று கொட்டும், மத்தியானம் தாண்டியதும் வீடு மெல்ல நிழலுக்குள் இறங்கிவிடும். சாயங்காலம் வேலைவிட்டு வரும் அவளுக்குக் கிடைத்தது அந்த நிழல்தான்.

கடலில் சிக்னல் கிடைப்பது அபூர்வம். கிடைக்கும்போது அவருடைய வாய்ஸ் மெசேஜ்கள் மொத்தமாக வந்து விழும், தேங்கி நின்ற மழை ஒரே நேரத்தில் கூரையிலிருந்து வழிகிற மாதிரி. முதல் மெசேஜிலேயே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஊசி, வேலை முடிஞ்சு படுத்திருக்கேன். கண்ணை மூடினா வீட்டுக்கு வந்துடறேன்டீ. கதவைத் திறக்கறேன். இடது பக்கம் திரும்பினா சமையலறை. அடுப்பைப் பத்த வைக்கிறேன். வெங்காயம் வதக்கறேன். பால்கனிப் பக்கம் அந்தச் சுவரோரமா ஒரு மேசை போட்டுட்டேன். சாயங்கால வெயில் அது மேலதான் விழும், பாத்துக்கோ."

அந்தச் சாயங்கால வெயில் எதிர்வீட்டுக்குச் சொந்தம். அதைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள். ஆனால் அவர் குரலில் ஒரு கதகதப்பு இருந்தது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆளை உலுக்கி, 'இது உன் போர்வை இல்லை' என்று சொல்ல எப்படி மனம் வரும்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அடுத்த மெசேஜில் அவர் இன்னும் உள்ளே போய்விட்டார். திரை மாட்டினார். குழாயில் வாஷர் மாற்றினார். அலமாரியில் டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். அதற்குப் பிறகு சொல்வதென்றால் ஒரு குடித்தனத்தையே காலி பண்ணச் சொல்வது மாதிரி ஆகிவிடும்.

ஆக அந்த மாடியில் இரண்டு வீடுகளில் அவர்கள் குடித்தனம் நடந்தது. ஒன்றில் அவள், ஒன்றில் அவர்.

பகலெல்லாம் அவள் ஆல்டரேஷன் கடையில் இருப்பாள். மருந்துக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே கண்ணாடி போட்ட சின்ன இடம். அந்த ஊரில் குழந்தைகள் அதிகம், அதனால் வேலையும் அதிகம். பள்ளிக்கூடப் பேன்ட்டை வாங்கும்போதே அம்மாக்கள் கால்பக்கம் துணி விட்டு மடித்துத் தைக்கச் சொல்வார்கள். வருஷம் திரும்பியதும் அதே பேன்ட் வரும். மடிப்பைப் பிரித்தால் ஒரு வருஷத்து வளர்த்தி உள்ளேயிருந்து இறங்கும். தைப்பதற்காகப் பேன்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போடுவாள். திருப்பியதும் வலது கால் இடதாகிவிடும். நாள் முழுக்க அப்படியே பார்த்துப் பார்த்து அவளுக்கு எது எந்தப் பக்கம் என்பதே கொஞ்சம் தளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வரும்போது கையில் சாவியோடு எதிர்வீட்டு வாசலில் போய் நிற்பாள்.

"கப்பலக்கா, அது எங்க வீடு" என்று டீச்சரின் பெண் படியிலிருந்து குரல் கொடுப்பாள். அவளுக்கு அங்கே அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது.

சாயங்காலங்களில் ஒரு விஷயம் நடக்கும். எதிர்வீட்டுக்குள் மேற்கு வெயில் நிறைந்து, அதில் ஒரு கீற்று மட்டும் கதவுக்கு அடியில் வழிந்து நடைபாதைக்கு வரும். பொன்னிற ரிப்பன் மாதிரி. அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு அவள் வாசல்படி வரை வந்து தயங்கி நிற்கும். கப்பலக்கா மாடிப்படியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொள்வாள். "இப்ப பால்கனியில உக்காந்திருக்கேன், ஊசி. நீ உள்ரூம்ல தைச்சுக்கிட்டிருக்கே. மெஷின் சத்தம் கேக்குது" என்று அவர் குரல் சொல்லும். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் வரும். அவர்தான் எழுந்திருக்கிறார் என்று ஒரு கணம் அவளுக்கு நிஜமாகவே தோன்றும். அந்த ஒரு கணத்துக்காகவே மாடிப்படி குளிர்ந்தாலும் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் டீச்சர் கதவைத் திறந்து அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"என்ன கப்பலக்கா, சாவி தொலைஞ்சு போச்சா?"

அவள் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுலதான் குடியிருக்காரு?"

"ஆமாம் டீச்சர்."

"தினமும் சமைக்கறாரு?"

"தினமும்."

"சமைச்சிட்டு பாத்திரம் கழுவறாரா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"சொல்ல மாட்டாங்க! நினைப்புல வந்தாக்கூட எல்லாத்தையும் சிங்க்குல போட்டுட்டுப் போயிடுவாங்க."

அதற்கப்புறம் டீச்சருக்கு இது ஒரு நித்திய விளையாட்டாகிவிட்டது. "நேத்து உப்பு தூக்கலா இருந்துச்சு, உங்க ஆளு வேலையா?" என்பார். "எங்க வீட்டுல ஒரு கரண்டியைக் காணோம், கேட்டுச் சொல்லுங்க" என்பார். கப்பலக்காவும் விட்டுக்கொடுக்காமல், "அவரு புது இடத்துல கொஞ்சம் கூச்சப்படுவாரு டீச்சர், நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்பாள். சிரிப்பும் கும்மாளமுமாக அந்த வருஷம் நகர்ந்தது. அவர் திரும்பும் காலம் நெருங்கியது.

திரும்பவேண்டிய மாதத்தில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவர் நேராகவே பேசினார்.

"ஊசி, கேப்டன் கெஞ்சறாருடீ. எனக்குப் பதிலா வர்றவனுக்கு முட்டை உடைக்கவே தெரியாதாம். இன்னும் ஒரே ஒரு தடவை."

"போன தடவையே கடைசித் தடவைன்னு சொன்னீங்க."

"நான் எங்கடி போயிட்டேன்? தினமும் வீட்டுலதானே இருக்கேன். இப்பக்கூட பால்கனியில காலை நீட்டி உக்காந்துதான் உங்கூடப் பேசறேன்."

அவர் சிரித்தார். அவளும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டாள். போனை வைத்த பிறகுதான் அவர் சொன்னதை அவள் மறுபடி யோசித்தாள். தினமும் வீட்டில்தான் இருக்கிறாராம். அப்படியென்றால் இனி வருவதற்கு என்ன இருக்கிறது?

அந்தச் சமயம் பார்த்து டீச்சரின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. லாரி வந்தது, சாமான்கள் ஏறின. டீச்சரின் பெண், "கப்பல் மாமாவை நாங்க கூட்டிட்டுப் போகலை, இங்கேயே விட்டுட்டோம்" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாளே சாவிக்கொத்து ஆல்டரேஷன் கடை வாசலில் குலுங்கியது.

"எதிர்வீடு காலியாயிடுச்சும்மா. வேணும்னா மாத்திக்கறீங்களா? வாடகையெல்லாம் அதேதான். டீச்சர் போகும்போது சொல்லிட்டுப் போனாங்க, உங்களுக்கு அந்த வீட்டு மேல ஒரு கண்ணுன்னு."

குண்டூசிகள் வாயில் இருந்ததால் அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. யோசிக்க நேரம் கிடைத்தது. எவ்வளவு சுலபம்! நாலு சாமானை நடைபாதையைத் தாண்டித் தள்ளினால் போதும். அவர் வரும்போது அவர் நினைத்தபடியே எல்லாம் இருக்கும். ஒரு பொய்யையும் சொல்லாமல் ஒரு பொய்யையும் உடைக்காமல் தப்பித்துவிடலாம்.

சாயங்காலம் போனாள். சாவிக்காரர் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றுகொண்டார். வெற்று வீட்டில் வெயில் முழங்கால் அளவு நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். இடது பக்கம் சமையலறை இருந்தது. சுவர் இருந்தது. மேசை போட்ட இடத்தில் கை வைத்தால் அந்த இடம் கதகதவென்று இருந்தது. அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. வதங்கும் வெங்காயத்தின் வாசனைகூட வந்த மாதிரி இருந்தது. பால்கனியில் இமைக்கு உள்ளே ஆரஞ்சு நிறம் பரவியது. அவர் அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சந்தேகமே இல்லை. நிம்மதியாக, ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கலைக்காமல் மெல்ல உள்ளறைக்குப் போனாள். அவருடைய மெசேஜ்களில் எப்போதும் அவள் இருக்கும் இடம் அதுதான். உள்ளே தைத்துக்கொண்டிருப்பாள், மெஷின் சத்தம் மட்டும் வெளியே கேட்கும். இத்தனை மாதங்களில் ஒருமுறையாவது அவர் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாரா என்று யோசித்தாள். இல்லை. வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. சத்தம் கேட்டால் போதுமாயிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். வெயில் படாத அறை. சுவரில் டீச்சரின் பெண் எட்டிய மட்டும் கிறுக்கியிருந்தாள்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் சாவிக்காரர்.

"வேண்டாங்க. உள்ள ஏற்கனவே ஆள் இருக்கு."

"ஆளா? நான் யாருக்கும் சாவி குடுக்கலையே!" சாவிக்காரர் பதறிப்போய் உள்ளே ஓடிச் சமையலறை வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார்.

அன்றைக்கே அவள் தன் வீட்டு இருட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு பண்ணினாள். நான்கு தடவை அழித்தாள். கடைசியாக அனுப்பியது சின்னது. "என்னங்க, ஒரு விஷயம். அன்னிக்கு நீங்க நடந்து பாத்தது நம்ம வீடு இல்லன்னு ஞாபகம் இருக்கா? எதிர்வீடு. பெயின்ட் காயலன்னு அதைக் காட்டினாங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்க நம்பிட்டீங்க. நம்ம வீடு வேற மாதிரி. நான் அப்பவே சொல்லியிருக்கணும். நீங்க சந்தோஷமா இருந்தீங்க, விட்டுட்டேன்."

பதில் வந்து சேர ஒரு வாரம் ஆனது. நேராகவே கூப்பிட்டார்.

"அப்ப இத்தனை நாளும் நான் அந்த டீச்சர் வீட்டுலயா இருந்தேன்?"

"அவங்க வீட்டுலதான். நல்லவங்க. உங்களைப் பத்தி ஒரு குறையும் சொல்லலை."

"விளையாடாதே ஊசி. சரி, நம்ம வீடு எப்படி இருக்கும்? சமையலறை எங்க?"

அவள் சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். சொல்வது ஒரு வார்த்தை. சொன்னால் அவர் இன்றைக்கே குடிவந்துவிடுவார். வலது பக்கம் திரும்பி அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். மறுபடியும் அவள் ஒரு மெஷின் சத்தமாகிவிடுவாள்.

"சொல்ல மாட்டேன். வந்து பாருங்க."

கப்பல்காரருக்குக் கோபம் வந்தது. "ரொம்பத்தான் பண்றே" என்றார். அப்புறம் குரல் வரவே இல்லை. இரண்டு வரி எழுத்து மட்டும் வரும். நலம். மழை. அடுத்த துறைமுகம் இன்னது. அவளும் அப்படியே எழுதினாள். நலம். இங்கும் மழை. அவ்வளவு காலம் காதில் நடந்த அந்த மனிதர் போய்விட்டதும் சாயங்காலங்கள் வழவழவென்று பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. கதவுக்கு அடியில் தடித்த கால்மிதி போட்டார்கள். நடைபாதைக்கு வெயில் வருவதும் நின்றுபோனது. செய்தது சரிதானா என்று மனம் துவளும்போதெல்லாம், தையலைப் பிரித்துவிட்டோம், இனி துணி எப்படி விழுகிறதோ அப்படி என்று சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் சாவிக்காரர் கடைக்கு வந்தார். முகத்தில் தர்மசங்கடம்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எனக்குப் போன் பண்ணாரு. கடல்லேருந்து! லைன்ல ஒரே காத்துச் சத்தம். என்ன ஏதுன்னு பதறிட்டேன். கடைசியில, 'எங்க வீட்டுல சமையலறை எந்தப் பக்கம்'னு கேக்கறாரு."

அவள் மெஷினை நிறுத்தினாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுக்காரம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னேன். சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க."

"பால்கனி?"

"அதுவும்தான்."

"நான் எத்தனையோ குடும்பத்துக்கு வீடு விட்டிருக்கேன்மா" என்றார் சாவிக்காரர் கையைத் தூக்கி. "சொந்த வீட்டுக்காரரே துப்பு விசாரிக்கிற குடும்பத்தை இப்பதான் பாக்கறேன்."

அவர் போன பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. மருந்துக்கடைப் பையன் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்தது. கேட்டிருக்கிறார். கடல் நடுவிலிருந்து, காற்றில் கத்திக் கேட்டிருக்கிறார். தெரியாத ஒரு வீடு அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

அதோடு அதுவும் அடங்கியது. மழைக்காலம் போனது. பள்ளிக்கூடங்கள் மூடித் திறந்தன. போன வருஷம் மடித்துத் தைத்த பேன்ட்டுகள் கைகொள்ளாமல் வந்து குவிந்தன. அவற்றின் நடுவே அவள் ஒரு மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் போன் அதிர்ந்தது. குரல் இல்லை, எழுத்துதான்.

"ஊசி, இந்தத் தடவை கையெழுத்துப் போடல. கேப்டன் முட்டையைத் தானே உடைச்சுக்கட்டும். பஸ்ல உக்காந்திருக்கேன், ஜன்னலோரம். சாவிக்காரர் வாயே திறக்கல, நானும் அப்புறம் கேக்கறதை விட்டுட்டேன். ரொம்ப பசிக்குது. நீ சமை."